பாலை நிலத்தில் ஒரு பங்கு

பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். என்ன காய் கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் வாங்குபவர் முடிவு செய்ய முடியாது. விளைச்சல் குறைந்தால் பணமும் திரும்பக் கிடைக்காது. இப்படி ஒரு கடை இருந்தால் யார்தான் அங்குப் போவார்கள்? ஆனால், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரில் பல குடும்பங்கள் இத்தகைய ஏற்பாட்டில் விரும்பிச் சேர்கின்றன. அவை ஏமாறவில்லை. மழை குறைந்த மண்ணில் வாழ்பவர்கள் தங்கள் உணவைப் பெறுவதற்கு இதைவிட நேர்மையான வழி அரிது.

இந்த ஏற்பாட்டைச் சமூக ஆதரவு வேளாண்மை என்பர். பயிர்ப்பருவம் தொடங்கும் முன்பே உறுப்பினர்கள் ஒரு தொகையைச் செலுத்தி, பண்ணையின் விளைச்சலில் ஒரு பங்கைப் பெறுகின்றனர். அந்தப் பணத்தைக் கொண்டு உழவர் விதை வாங்குகிறார்; சொட்டுநீர்க் குழாய்களைச் சீர்செய்கிறார்; வேலையாட்களுக்குக் கூலி கொடுக்கிறார். அறுவடை தொடங்கியதும் வாரந்தோறும் காய்கறிகள் பங்கிட்டு வழங்கப்படுகின்றன. ஜப்பானில் 1970களில், நஞ்சில்லா உணவை நாடிய குடும்பங்கள் உழவர்களோடு நேரடியாக உடன்பாடு செய்துகொண்டன. அம்முறை 'டெய்கெய்' எனப்பட்டது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷியர் ஆகிய மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் பங்கு முறையைத் தொடங்கின. அதன்பின் அது நாடெங்கும் பரவியது.

டூசான், சொனோரன் பாலைவனத்தில் அமைந்த நகரம். அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. சிங்கப்பூரில் பெய்வதோ 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். கோடையில் டூசானின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். ஆயினும், அந்தப் பள்ளத்தாக்கில் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் மக்காச்சோளம் பயிரிட்டதற்குத் தொல்லியல் சான்றுகள் உள்ளன. இந்த நீண்ட உணவு மரபுக்காக 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ டூசானை உணவுக்கலை நகரமாக அறிவித்தது. பாலைவனத்தில் உழவு இயலாதது அன்று. ஆனால், அதில் இடர் மிகுதி.

அந்த இடரை யார் சுமப்பது என்பதே முதன்மையான கேள்வி. ஒரு வாரம் அனல் காற்று வீசினால் நாற்றுகள் கருகிவிடும். சந்தைக்கு விற்கும் உழவர் அந்த இழப்பைத் தனியாகத் தாங்க வேண்டும். இரண்டு மூன்று முறை அப்படி நேர்ந்தால் பண்ணையையே மூட வேண்டியிருக்கும். அதே இழப்பை நூறு குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொரு கூடையிலும் ஒரு கட்டுக் கீரை குறையும்; பண்ணை பிழைத்துக்கொள்ளும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கொலராடோ ஆற்றில் நீர்ப் பற்றாக்குறை இருப்பதாக அமெரிக்க அரசு முதன்முறையாக அறிவித்தது. மறு ஆண்டு அரிசோனாவின் நீர்ப்பங்கு குறைக்கப்பட்டபோது, கால்வாய் நீரை நம்பியிருந்த உழவர்களே பெரும் இழப்புக்கு உள்ளாயினர். வறட்சி எல்லாருக்கும் பொது என்றால், அதன் விலையை உழவர் மட்டுமே செலுத்துவது நியாயமாகாது.

பங்கு முறையின் மற்றொரு நன்மை, அது நிலத்தை அறியச் செய்கிறது. பேரங்காடியில் எல்லாக் காய்களும் எல்லா மாதங்களிலும் கிடைக்கின்றன. எது எங்கே, எப்போது விளைந்தது என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. பங்குக்கூடையோ அதை மறைப்பதில்லை. பாலைவனத்தில் குளிர்காலமே கீரைக்குரிய பருவம். அரிசோனாவின் யூமா பகுதி அப்பருவத்தில் அமெரிக்கா முழுவதற்கும் கீரை வகைகளை அனுப்புகிறது. கோடை வந்தால் முலாம்பழம், பூசணி, மிளகாய், வெண்டை முதலிய வெப்பத்தைத் தாங்கும் பயிர்களின் காலம். டொஹோனோ ஓதம் பழங்குடியினர் காலங்காலமாகப் பயிரிட்டுவரும் டெப்பரி அவரை மிகக் குறைந்த நீரிலும் காய்க்கக்கூடியது. சப்பாத்திக்கள்ளியின் இளம் மடல்களையும் அங்குச் சமைத்து உண்கின்றனர்.

இம்முறையை ஏற்காதவர்களின் வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. பழக்கமில்லாத காய்கள் வீணாகும் என்று சிலர் கூறுவர். இது உண்மைதான். அதனால்தான் பல இடங்களில், வேண்டாத காயை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ள ஒரு பொதுக்கூடை வைக்கப்படுகிறது. சமையல் குறிப்புகளும் வழங்கப்படுகின்றன.

முன்பணம் கட்டுவது ஏழைக் குடும்பங்களுக்கு இயலாத செயல் என்பது இதைவிட வலுவான வாதம். மாதக் கடைசியில் கையைப் பிசைந்து நிற்கும் குடும்பத்திடம் பல வாரங்களுக்கான பணத்தை ஒரே நேரத்தில் கேட்பது முறையன்று. தவணையில் செலுத்தவும், பண்ணையில் சில மணிநேரம் உழைத்துப் பங்கைப் பெறவும் பல பண்ணைகள் வழி செய்துள்ளன. அத்தகைய வழி இல்லாத திட்டம், வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகச் சுருங்கிவிடும்.

நீரே அரிதான இடத்தில் காய்கறி பயிரிடலாமா என்று கேட்பவர்களும் உள்ளனர். அருகில் விளைந்தது என்பதற்காகவே ஓர் உணவு நீரைச் சேமித்ததாக ஆகிவிடாது. கொளுத்தும் வெயிலில் மென்கீரை வளர்க்க நீரைக் கொட்டினால் அது விரயமே. ஆகவே, பங்கில் சேரும் குடும்பங்கள் பணத்தோடு கடமையை முடித்துக்கொள்ளக் கூடாது. என்ன பயிர், எந்த நீர், எவ்வளவு என்று கேட்க வேண்டும். முகம் தெரியாத விற்பனையாளரிடம் கேட்க முடியாத இக்கேள்விகளை, வாரந்தோறும் சந்திக்கும் உழவரிடம் கேட்கலாம். அவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

கூடை நிறைந்து வரும் வாரத்தில் உறுப்பினராக இருப்பது எளிது. வெயிலால் பயிர் கருகி, கூடையில் பாதியே இருக்கும் வாரத்திலும் அடுத்த பருவத்திற்குப் பெயரைப் பதிவு செய்பவரே உண்மையான பங்காளி. அத்தகையோர் இருக்கும்வரை பாலைவனத்திலும் ஓர் உழவர் அடுத்த விதையை நம்பிக்கையோடு ஊன்றுவார்.