முதலில் மீட்கப்பட்டவை எவை?

விஞ்ஞானம் அளவிடுகின்றது, அளவீட்டுக்கு நன்மை தீமை கிடையாது என்று கூறுவோர் ஆசிரியர் கூட்டத்திலும் உளர். குண்டைச் செய்வித்த அரசைக் கண்டிக்கலாம், அதன் விளைவைப் பதிந்த ஆய்வாளனைக் கண்டித்தல் ஆகாது என்பது இவர்தம் வாதம். நியாயம்போலத் தோன்றும் இவ்வாதத்தைப் பசுபிக் சமுத்திரத்து மார்ஷல் தீவுகளில் நிறுத்திப் பார்ப்போம்.

1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கு 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. வெடிப்புக் கணப்பொழுதில் முடிந்துவிடும். அக்கணத்தின் பதிவுகளை நஞ்சேறிய கடலிலிருந்தும் மேகத்திலிருந்தும் மீட்டு வருவதே பெரும்பணி. அதற்கு எத்தகைய ஏற்பாடுகள்! 1946இல் பிக்கினியில் ஆளில்லா விமானங்கள் மேகத்தினுள் செலுத்தப்பட்டன. ஆளில்லாப் படகுகள் களப்பு நீரை முகந்து வந்தன. 1952 நவம்பரில் எனிவெற்றொக்கில் ஒரு தீவையே இல்லாதொழித்த வெடிப்பின் கதிர்களைத் தொலைவிலிருந்த கருவிகளுக்குக் கொண்டுசெல்வதற்கு, ஈலியம் நிரப்பிய ஏறத்தாழ 9,000 அடி நீளமான ஒட்டுப்பலகைக் குழாய் கட்டப்பட்டது. மேகத்தை ஊடறுத்த விமானங்களின் வடிதாள்கள் அமெரிக்க ஆய்வுகூடங்களுக்கு விரைந்தன. அப்பணியில் ஈடுபட்ட விமானி ஒருவர் எரிபொருள் தீர்ந்து கடலில் வீழ்ந்து மாண்டார். ஐன்ஸ்டீனியம், பேர்மியம் என்னும் மூலகங்கள் அவ்வெடிப்பின் எச்சங்களிலேயே கண்டறியப்பட்டன.

இத்துணை முன்யோசனை படைத்தோர் 1954 மார்ச் 1ஆம் திகதி பிக்கினியில் ஐதரசன் குண்டை வெடித்தபோது நடந்ததென்ன? ஏறத்தாழ 6 மெகாதொன் என மதிப்பிட்ட குண்டு 15 மெகாதொன்னாக வெடித்தது. ஏறத்தாழ 100 மைலுக்கு அப்பால், றொங்கெலாப்பில், பவளப்பாறையின் சாம்பல் வெண்டூளாகப் பொழிந்தது. குழந்தைகள் அதில் விளையாடினர். பின்னர் வாந்தியும் தோற்புண்ணும் கண்டன; தலைமயிர் உதிர்ந்தது.

மேகத்தின் மாதிரிகளை எடுக்கும் விமானங்கள் சில மணி நேரத்திற்குள் பறந்தன. குண்டை இயக்கிய குழுவினர், படுக்கை விரிப்புகளால் உடலைப் போர்த்தியவண்ணம், அன்று மாலையே ஹெலிகொப்டரில் மீட்கப்பட்டனர். றொங்கெரிக் தீவிலிருந்த அமெரிக்க வானிலை அவதானிகள் 28 பேரும் மார்ச் 2இல் அகற்றப்பட்டனர். றொங்கெலாப் மக்களின் முறை மார்ச் 3இல்தான் வந்தது. உற்றிறிக் மக்களுடையது அதற்கும் மறுநாள்.

எதிர்பாராத விபத்து என்பார்கள். முதல்நாள் இரவே வானிலை அறிக்கைகள் காற்றின் போக்குப் பாதகமாகி வருவதை உணர்த்தியிருந்தன. 1946இன் குண்டுகளுக்கு அஞ்சி றொங்கெலாப் மக்களை முன்கூட்டியே இடம்பெயர்த்த அதே அரசு, அவற்றினும் அறுநூறு மடங்குக்கு மேற்பட்ட குண்டுக்கு அவர்களை அசைக்கவில்லை. விபத்தென்றே கொள்வோம். விபத்து நிகழ்ந்தபின் யாரை முதலில் மீட்பது என்பதும் விபத்தா?

மீட்ட பின்னரும் அவர்கள் வெறும் நோயாளராகக் கொள்ளப்படவில்லை. கதிர்வீச்சுக்கு மனித உடல் எவ்வாறு எதிர்வினை காட்டுகின்றது என்று ஆராயச் சில நாட்களுக்குள் ஒரு திட்டம் உருவாயிற்று. அதன் இலக்கம் 4.1. ஏனைய கருவித் திட்டங்களுக்கு இட்டதுபோலவே மனிதருக்கும் ஓர் இலக்கம்! மருத்துவர் சிலர் அக்கறையோடு சிகிச்சை செய்தனர் என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆயினும், நஞ்சு நீங்காத தீவுக்கு 1957இல் அம்மக்களைத் திருப்பியனுப்பி, ஆண்டுதோறும் சென்று அவர்களது இரத்தத்தைச் சோதித்தமைக்குச் சிகிச்சை என்ற ஒரு சொல் போதாது. 1963 முதல் தைரொயிட் கட்டிகள் தோன்றின. வெடிப்பின்போது ஒரு வயதுக் குழந்தையாயிருந்தவன் 1972இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தான். 1985இல் மக்கள் தாமே தீவைத் துறந்தனர். அவர்களை ஏற்றிச் சென்றது அமெரிக்கக் கப்பலன்று, கிறீன்பீஸ் இயக்கத்தின் கப்பல்.

அவர்கள் வாய்மூடி இருந்ததுமில்லை. 1954 ஏப்ரிலிலேயே சோதனைகளை நிறுத்துமாறு ஐக்கிய நாடுகள் சபைக்கு விண்ணப்பித்தனர். அச்சபையின் பெயரால் தீவுகளைப் பொறுப்பேற்றிருந்த அரசோ மேலும் நான்கு ஆண்டுகள் குண்டு வெடித்தது.

அளவீடு நடுநிலையானதாக இருக்கலாம். எதை அளப்பது, எதை முதலில் மீட்பது, எவரைக் காத்திருக்க வைப்பது என்று தீர்மானிப்பவர் நடுநிலையாளர் அல்லர். வடிதாளுக்கு விமானமும் மனிதருக்குக் காத்திருப்பும் விதித்தது இயற்கையன்று, ஏகாதிபத்தியம். மூலக அட்டவணையில் 99ஆம், 100ஆம் இடங்களைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள், அம்மூலகங்கள் எந்த மேகத்திலிருந்து எடுக்கப்பட்டன என்பதையும் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். அதைச் சொல்லாது விடுவதும் ஒரு பக்கம் சார்தலே.