மெஷின் சொன்னதைத்தான் செய்தது!

1992 ஜனவரி 20. ஃபிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இறங்க வேண்டிய ஏர்பஸ் ஏ320 விமானம் மலையில் மோதியது. இருந்த 96 பேரில் 87 பேர் பலி.

விமானம் எப்படி இறங்க வேண்டும் என்று விமானி சொல்வதற்கு ஒரே குமிழ், ஒரே சின்னத் திரை. ஒரு மோடில் -3.3 என்றால் 3.3 டிகிரி சரிவு. அதாவது நிமிஷத்துக்குச் சுமார் 800 அடி இறக்கம். இன்னொரு மோடில் -33 என்றால் நிமிஷத்துக்கு 3,300 அடி! நாலு மடங்கு இறக்கம், ஆனால் திரையில் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. இதுதான் காரணம் என்று விசாரணைக் குழுவால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் வலுவான சந்தேகம் இந்த மோடு குழப்பத்தின் மேல்தான் விழுந்தது.

அப்படித்தான் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் சரியாக நடக்கும் என்று கணிதத்தால் நிரூபிக்கிற ஃபார்மல் மெத்தட்ஸ் இதைப் பிடித்திருக்குமா? 3,300 அடி கேட்டால் 3,300 அடி இறங்குமா? இறங்கும். நிரூபணம் பாஸ்!

சரி, யூசபிலிட்டி டெஸ்ட்? பத்து விமானிகளை உட்கார வைத்தால் பத்துப் பேரும் பத்திரமாக இறக்கிவிடலாம். தவறு நடக்கிற அந்த ஒரு நொடி அன்றைக்கு வராமலே போகலாம்.

இரண்டையும் சேர்த்தால்தான் விஷயம். மெஷினுக்கு ஒரு மாடல். மெஷின் எந்த மோடில் இருப்பதாக விமானி நினைக்கிறார் என்பதற்கு இன்னொரு மாடல். இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று மாடல் செக்கர் எல்லா வழிகளிலும் தேடும். இது வெறும் கற்பனை இல்லை. எம்.டி-88 விமானம், நிற்க வேண்டிய உயரத்தைத் தாண்டிப் போகும் சூழலை இப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று ஜான் ரஷ்பி 2002-ல் வெளியான கட்டுரையில் காட்டினார். அப்படிக் கிடைக்கும் சூழல்களை சிமுலேட்டரில் நிஜ விமானிகளிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மனிதனைப் பற்றிய மாடல் சரியா என்று மனிதன்தான் சொல்ல முடியும்.

"இதற்கெல்லாம் நேரமும் காசும் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. விபத்துக்குப் பிறகு திரையில் -33 என்பது -3300 ஆனது. இரண்டே இரண்டு பூஜ்ஜியம்! திருத்துவதில் அல்ல, முன்கூட்டியே கண்டுபிடிப்பதில்தான் செலவு. 87 உயிர்களுக்கு முன்னால் அது ஒரு செலவா?

பாடத்திட்டத்தில் இவை தனித்தனி பேப்பராக இருக்கலாம். விமானி அறையில் அப்படி இல்லை. பயன்படுத்துகிறவரைக் கணக்கில் சேர்க்காத நிரூபணம் பாதி நிரூபணம்தான்.