காய்ச்சல் காலமும் வீட்டு மருந்துப் பெட்டியும்

மாரி மழை தொடங்கியதும் தடிமன், இருமல், காய்ச்சல் என்பன வீட்டுக்கு வீடு தலைகாட்டுவது எமது நாட்டில் வழமையானதொன்றாகும். குளிர்வலய நாடுகளில் இன்புளுவென்சா பெரும்பாலும் குளிர்காலத்துக்குரிய நோய். இலங்கையிலோ ஆண்டின் நடுப்பகுதியிலும் ஆண்டிறுதியை ஒட்டியும் இரு தடவைகள் அது பரவுகின்றது. பருவமழையை அடுத்து டெங்கு நுளம்பு பெருகுவதும் ஏறத்தாழ இதே காலங்களில்தான்.

காய்ச்சல் காலத்துக்கென வீட்டில் மருந்து வாங்கி வைப்பது நல்ல பழக்கமே. ஆனால், மேலைநாட்டவர் வாங்கி வைப்பதையெல்லாம் நாமும் வைத்திருப்பது ஆபத்தானது. அங்கு உடல்வலிக்கும் காய்ச்சலுக்கும் ஐபுபுறோபன் மாத்திரையைச் சாதாரணமாக உட்கொள்கின்றனர். இங்கு காய்ச்சல் டெங்குவாக இருப்பின் அஸ்பிரின், ஐபுபுறோபன், டைக்குளோபெனக் ஆகியன இரத்தக்கசிவுக்கு வழிகோலி உயிரையே பறித்துவிடக்கூடும். முதலிரு தினங்களில் வந்திருப்பது எந்தக் காய்ச்சல் என்பதை வைத்தியராலும் பார்த்த மாத்திரத்தில் கூறிவிட முடியாது.

2017 ஆம் ஆண்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவினால் பாதிக்கப்பட்டு, 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாடு மறந்துவிடலாகாது. 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையை அடுத்து டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலினால் சிலர் அடுத்தடுத்து மரணமடைந்தபோது, அதற்கு எலிக்காய்ச்சலே காரணமென்பது பின்னரே தெரியவந்தது. சாதாரண காய்ச்சல்தானே என்று இருந்துவிடுவது எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இவை போதிய சான்றுகளாகும்.

வீட்டில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. வெப்பமானி ஒன்று, பரசிற்றமோல், ஜீவனி பக்கெற்றுகள், முகக்கவசம், சவர்க்காரம் ஆகியன போதும். 50 கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடைய வளர்ந்தோர் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் மாத்திரைகள் இரண்டை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை உட்கொள்ளலாம். ஒரு நாளில் எட்டு மாத்திரைகளுக்கு மேற்படலாகாது. சிறுவர்களுக்கான அளவு வயதையன்றி நிறையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. தடிமனுக்கென விற்கப்படும் கலப்பு மாத்திரைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் அடங்கியுள்ளது. இரண்டையும் ஒன்றாக உட்கொள்வோர் தம்மை அறியாமலே ஈரலுக்குத் தீங்கு தேடிக்கொள்கின்றனர். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்த நீர், கஞ்சி, இளநீர் என்பன உடலின் நீரிழப்பை ஈடுசெய்ய உதவும். நோயைக் குணப்படுத்திவிடும் என நம்பிக் காலத்தைக் கடத்தலாகாது.

வீட்டில் இருக்கக்கூடாதது, முன்னைய நோயின்போது எஞ்சிய அன்ரிபயோட்டிக் மருந்தாகும். தடிமனும் இன்புளுவென்சாவும் வைரசினால் வருவன. அவற்றை அம்மருந்து தீர்க்காது. உண்மையில் தேவைப்படும் வேளையில் அது பலனளிக்காத நிலையையே உருவாக்கும். எனினும், இதற்காக மக்களை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்து விலைகள் சில வாரங்களுக்குள் இரு தடவைகள் உயர்த்தப்பட்டதையும், வைத்தியசாலைகளிலேயே மருந்து இல்லாதிருந்ததையும் கண்ட குடும்பங்கள், எஞ்சிய மாத்திரையைச் சேமிப்பாகக் கருதுவதில் வியப்பில்லை. ஒரு நாள் வைத்தியசாலைக்குச் செல்வது அன்றைய கூலியை இழப்பதாகவே தோட்டத் தொழிலாளிக்கும் கடற்றொழிலாளிக்கும் அமைகின்றது.

மற்றுமொரு குறைபாடும் உண்டு. மருந்துப் பெட்டியிலுள்ள விபரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. எத்தனை தடவை, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைத் தாயொருத்தி தன் மொழியில் வாசித்தறிய முடியாதவிடத்து, மருந்து கைவசமிருந்தும் பாதுகாப்பில்லை. மொழியுரிமை என்பது பெயர்ப்பலகைகளோடு முடிந்துவிடும் விடயமன்று. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, சாதாரணமாக விற்பனையாகும் மருந்துகளுக்கேனும் சிங்களத்திலும் தமிழிலும் அறிவுறுத்தல் கிடைப்பதை உறுதிப்படுத்த வேண்டும். வைத்தியரின் சிட்டையின்றி அன்ரிபயோட்டிக் விற்கப்படுவதையும் அது தடுக்க வேண்டும். கிராமிய வைத்தியசாலைகளிலும் தோட்டப்புறங்களிலும் இரத்தப் பரிசோதனை வசதியைக் கிட்டச் செய்வது சுகாதார அமைச்சின் பொறுப்பாகும்.

மக்கள் தம் பங்குக்கு மனதில் இருத்த வேண்டியது ஒன்றுண்டு. வீட்டு மருந்துப் பெட்டி முதலிரு நாட்களுக்கு மட்டுமே உரியது. மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் வைத்தியரை நாடி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, இரத்தக்கசிவு, சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், சோர்வுற்று மயங்கிக் கிடத்தல் என்பன தென்பட்டால் மூன்றாம் நாள் வரையும் காத்திருக்கலாகாது. டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான கட்டம் தொடங்கும் வேளை என்பதை அறியாமல், பிள்ளைக்குச் சுகமாகிவிட்டதென ஆறுதலடைந்த பெற்றோர் பலர். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர், நீரிழிவு மற்றும் இருதய நோயுள்ளோர் விடயத்தில் முதல் நாளிலேயே வைத்திய ஆலோசனை பெறுவது அவசியமாகும்.