மூன்று கோடுகளுக்குள் ஒளிந்த வழி



எங்கள் ஊர் வில்பட்டி. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பஸ்ஸின் நெற்றியில் "வில்பட்டி" என்று எழுதியிருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் எங்க அப்பத்தா கூட யாரையும் கேட்காமல் ஏறிவிடும். அதே போர்டில் "இதர ஊர்கள்" என்று எழுதினால்? அப்பத்தா அன்றைக்கு வீடு வந்து சேராது! இணையதளத்தின் மெனுவும் இந்த பஸ் போர்டு மாதிரிதான் என்பது என் கட்சி.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எங்கள் தெரு அக்கா ஒருவர் டிப்ளமோ முடித்துவிட்டு, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர ஒரு தளத்தைத் திறந்தார். மேட்டில் ஏறி நின்றால்தான் செல்போனில் சிக்னல். மெனுவில் "எங்களைப் பற்றி", "எங்கள் நோக்கம்", "விழாப் படங்கள்" எல்லாம் இருந்தன. விண்ணப்பம் மட்டும் "இதர" என்பதற்குள், அதற்குள்ளும் இன்னொரு மெனுவுக்குள்! கண்டுபிடித்தபோது கடைசித் தேதி போயே போச்சு. ஒரு வருஷம் வீண். அவருக்கு அறிவு குறைவா? இல்லை, மெனு போட்டவருக்கு அக்கறை குறைவு.

பெரிய இடங்களிலும் இந்தப் பிரச்சினை உண்டு. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளுக்கு "வெக்டர் 2022" என்ற புதுத் தோற்றம் செய்தார்கள். இடப்பக்க மெனு மூன்று கோட்டுப் பொத்தானுக்குள் போனது. அந்த இடத்துக்குக் கட்டுரையின் பொருளடக்கம் வந்தது. மொழி மாற்றும் வசதி மேலே ஏறியது. ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு 2023 ஜனவரியில் வருவதற்கு முன்பே பிரெஞ்சு போன்ற வேறு மொழிகளில் வைத்துப் பார்த்தார்கள். அப்படியும் பலத்த வாக்குவாதம்! பிடிக்காதவர்கள் கணக்கில் நுழைந்து பழைய தோற்றத்துக்கே போகலாம் என்று வழியும் விட்டார்கள். சோதித்துப் பார்த்ததும், திரும்பிப் போக வழி விட்டதும் நாம் கற்க வேண்டிய பாடம்.

அந்த மூன்று கோடு ஒன்றும் புதுசு இல்லை. 1981-ல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. சின்னத் திரையில் இடம் மிச்சம்தான். ஆனால் கண்ணில் படாத வழியை யார் தேடிப் போவார்கள்? முக்கியமான நாலைந்து வழிகளை வெளியே வைத்துவிட்டு, மற்றதை உள்ளே வைப்பதே நியாயம்.

பெயரும் முக்கியம். தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லாரும் கூடிப் பேசும் பக்கத்தின் பெயர் "ஆலமரத்தடி". படித்த உடனே புரிகிறதல்லவா? அதுதான் பெயர்!

இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் நண்பர்களே, ஒரு யோசனை. உங்கள் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். வேறு டிபார்ட்மென்ட் ஜூனியரைக் கூப்பிட்டு, "இதை உனக்குத் தோணுற மாதிரி பிரிச்சு அடுக்கு" என்று சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது! இப்படி ஐந்து பேரிடம் செய்தால் மெனு தானாகப் பிறக்கும். செலவு ஒரு தாள்தான்.

புரோகிராம் ஓடினால் எக்ஸ்டர்னல் மார்க் போடுவார். வழி தெரிந்தால்தான் ஜனங்கள் மார்க் போடுவார்கள். நாளை நம்மில் ஒருவர் ஒரு விண்ணப்பத் தளம் செய்யக்கூடும். அன்று மேட்டில் நிற்கும் அந்த அக்காவை நினைத்துக்கொள்வோம்!

- மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்