இ-சைக்கிள் வாங்கப் போறீங்களா? புதுக்கோட்டைக்கு எது சரிவரும்?

1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தவர் அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அன்று 20 வயதில் இருந்தவர்கள் இன்று 50-ஐத் தாண்டிவிட்டார்கள். முட்டி வலியால் சைக்கிளை ஓரங்கட்டியவர்களுக்கு இ-சைக்கிள் கைகொடுக்குமா?

மோட்டார் எங்கே இருக்கு?
மலைப்பாதைக்கான விலை உயர்ந்த இ-பைக்குகளில் பெரும்பாலும் பெடல் பக்கத்தில் இருக்கும். கியர் வழியாக இழுப்பதால் மேடு ஏறுவது சுலபம். ஆனால் செயின் சீக்கிரம் தேயும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் மோட்டாருக்கு விலை குறைவு. பெரும்பாலும் சமதளமான புதுக்கோட்டைக்கு அதுவே போதும்.

சென்சார் என்ன செய்யும்?
ஒரு வகை, பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். லேசாக மிதித்தாலே மோட்டார் இழுக்கும், முட்டிக்கு நல்லது. சில வண்டிகள் சட்டென்று பாயும், உஷார்! டார்க் சென்சார் காலின் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்ப உதவும்.

லைசென்ஸ் வேணுமா?
மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாக இருந்து, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அதன் உதவி நின்றுவிடும் பெடல் வண்டி என்றால் லைசென்ஸ், பதிவு தேவையில்லை.

வாங்கும் முன், மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்துப் பாருங்க. சார்ஜ் தீர்ந்தால் வீடு சேர முடியாத வண்டி, யாரையாவது எதிர்பார்த்து நிற்கவைக்கும். அந்த நிலை வேண்டாம்னுதானே அன்று சைக்கிள் கற்றார்கள்?