மண்ணெண்ணெய் விலையும் தேர்தல் நாட்காட்டியும்: மலையகம் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ஒவ்வொரு மாதத்தின் கடைசி நாளிலும் இரவில் எரிபொருள் விலை அறிவிப்பு வருகிறது. பெற்றோல் இத்தனை ரூபாவால் குறைந்தது, டீசல் இத்தனை ரூபாவால் கூடியது என்ற செய்தி சில நிமிடங்களில் எல்லாத் தொலைபேசிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தேர்தல் நெருங்கும் காலமாக இருந்தால் விவாதமும் கூடவே வரும். ஆளும் தரப்பு விலைக்குறைப்பைத் தனது சாதனை என்று சொல்லும். எதிர்த்தரப்பு அதனை வாக்குக்கான இலஞ்சம் என்று சொல்லும். எரிபொருள் விலை உண்மையிலேயே வாக்கை மாற்றுகிறதா? ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற இடங்களில் அது யாருடைய அடுப்பங்கரைக்கு, எந்த வடிவத்தில் வந்து சேர்கிறது? இவ்விரு கேள்விகளையும் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

முதலில் அண்மைக்காலத் தேர்தல்களை வரிசையாக எடுத்துப் பார்ப்போம். 2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய மாதத்தில் மஹிந்த ராஜபக்ஷ அரசாங்கம் எரிபொருள் விலையைக் குறைத்தது. ஆனாலும் தேர்தலில் தோற்றது. புதிதாக வந்த மைத்திரி - ரணில் அரசாங்கம் இரண்டு வாரங்களுக்குள் 150 ரூபாவாக இருந்த பெற்றோலை 117 ரூபாவாகக் குறைத்தது. அந்த 117 ரூபா மூன்று வருடங்களுக்கு மேல் அசையாமல் இருந்தது. அப்படி இருந்தும் 2018 பெப்ரவரி உள்ளூராட்சி மன்றத் தேர்தலில் அன்றைய ஆளும் தரப்பு படுதோல்வி அடைந்தது. 2020இல் கொவிட் காரணமாக உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தபோது, கோட்டாபய ராஜபக்ஷ அரசாங்கம் அந்த நன்மையை மக்களுக்குக் கொடுக்கவில்லை. பெற்றோல் 137 ரூபாவிலேயே நின்றது. ஆனாலும் அந்த ஆகஸ்ட் பாராளுமன்றத் தேர்தலில் பொதுஜன பெரமுன 145 ஆசனங்களை அள்ளியது.

ஆகவே, விலையைக் குறைத்தால் வாக்கு விழும், குறைக்காவிட்டால் விழாது என்ற எளிய சூத்திரம் நமது நாட்டில் பொருந்தவில்லை. 2022இல் நடந்தது வேறு. அந்த வருட ஜூன் இறுதியில் பெற்றோல் 470, டீசல் 460 என்ற உச்சத்துக்குப் போனது. அந்த விலைக்கும் எரிபொருள் கிடைக்காமல் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். விலை, தட்டுப்பாடு, "எல்லாம் சரியாகிவிடும்" என்ற பொய்யான உறுதி ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தபோதுதான் ஜூலை 9 வந்தது. விலையை மட்டும் பொறுத்துக்கொள்ளும் மக்கள், தாம் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் பொறுத்துக்கொள்வதில்லை.

இதனை அரசியல்வாதிகளும் நன்கு அறிவார்கள். அதனால்தான் அவர்களுடைய உண்மையான சாமர்த்தியம் விலையைக் குறைப்பதில் இல்லை. கூட்ட வேண்டிய நாளைத் தெரிவு செய்வதில் இருக்கிறது. இந்த நாட்காட்டியை மண்ணெண்ணெயைக் கொண்டு பார்த்தால்தான் மலையகத்துக்கு விளங்கும். ஏனெனில் பெற்றோலும் டீசலும் வாகனம் உள்ளவர் வாங்குபவை. லயன் அறையில் இருப்பவர் தன் கையால் போத்தல் கொண்டுபோய் வாங்கும் எரிபொருள் மண்ணெண்ணெய்தான். தோட்டங்களில் விறகே பிரதான அடுப்பு எரிபொருள் என்பது உண்மை. ஆனால் மாதக்கணக்கில் மழை பெய்யும் இடத்தில் ஈர விறகைப் பற்ற வைக்கவும், மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டில் பிள்ளை படிக்கவும் மண்ணெண்ணெய் வேண்டும்.

2018 பெப்ரவரி 10ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. சரியாக மூன்று மாதங்கள் கழித்து, மே மாதத்தில், விலைச்சூத்திரம் அறிமுகமானது. பெற்றோல் 117இலிருந்து 137 ஆனது. மண்ணெண்ணெயோ 44 ரூபாவிலிருந்து 101 ரூபாவுக்குத் தாவியது. பெற்றோலுக்கு ஆறில் ஒரு பங்கு கூடியது. ஏழையின் எண்ணெய்க்கு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. கரையோர மீனவர்கள் வீதிக்கு இறங்கிய பிறகு, ஜூன் மாதத்தில் 70 ரூபாவாகக் குறைத்தார்கள். அடுத்த பெரிய அடி 2022 ஆகஸ்ட் மாதத்தில் விழுந்தது. ஒரே இரவில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது. அப்போது போராட்டம் அடங்கியிருந்தது. புதிய ஜனாதிபதியை மக்கள் அல்ல, பாராளுமன்றமே தெரிவு செய்திருந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் எந்தத் தேர்தலும் இல்லை.

இந்த விலைகளை ரூபாவில் மட்டும் பார்த்தால் முழுப் பாரமும் தெரியாது. ஒரு நாள் சம்பளத்தில் எத்தனை பங்கு என்று வகுத்துப் பார்க்க வேண்டும். 2018இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் அதில் பதினொன்றில் ஒரு பங்காக இருந்து, ஐந்தில் ஒரு பங்காக ஆனது. 2022இல் நாட்சம்பளம் 1,000 ரூபா. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த ஒரு லீற்றர், விடிந்ததும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. காலை முதல் நண்பகல் வரை மலைச்சரிவில் நின்று கொழுந்து பறித்த கூலியின் பெரும்பகுதி ஒரு லீற்றர் எண்ணெய்க்குப் போகும் நிலை. இந்தக் கணக்கை எட்டாம் வகுப்பு மாணவன் கூடப் போடுவான். ஆனால் எந்தத் தேர்தல் மேடையிலும் நான் கேட்டதில்லை.

மற்ற எரிபொருள்களின் விலை தோட்டத்துக்கு நேராக வருவதில்லை. பஸ் கட்டணமாக, முச்சக்கரவண்டிக்காரர் கேட்கும் தொகையாக, கோதுமை மாவின் விலையாக வருகிறது. 2022 ஜனவரியில் 17 ரூபாவாக இருந்த குறைந்தபட்ச பஸ் கட்டணம் ஜூலையில் 40 ரூபா ஆனது. நகரத்துப் பாடசாலைக்கோ பிரத்தியேக வகுப்புக்கோ பஸ்ஸில் வரும் பிள்ளை, கட்டணம் கூடினால் முதலில் வகுப்பை நிறுத்துகிறது. அதற்கும் பிறகு வாரத்தில் ஓரிரு நாள் பாடசாலைக்கே வருவதில்லை. வரவுப் பதிவேட்டில் அது "சமுகமளிக்கவில்லை" என்று மட்டுமே பதிவாகும். காரணம் எங்கும் எழுதப்படுவதில்லை.

விலை குறையும்போது என்ன நடக்கிறது? 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கும் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கும் இடையில், செப்டெம்பர் 30 நள்ளிரவு முதல் டீசல் 24 ரூபாவால் குறைந்து 283 ரூபா ஆனது. மண்ணெண்ணெய் 19 ரூபாவால் குறைந்து 183 ரூபா ஆனது. அதனையடுத்துக் குறைந்தபட்ச பஸ் கட்டணம் 28 ரூபாவிலிருந்து 27 ரூபாவாகியது. பஸ் உரிமையாளருக்கு டயர், உதிரிப்பாகம், ஊழியர் சம்பளம் என்று வேறு செலவுகள் இருப்பதை மறுக்க முடியாது. ஆனாலும் 24 ரூபா மலை ஏறி வரும்போது ஒரு ரூபாவாக மெலிந்துவிடுகிறது. கட்டண அளவி இல்லாமல் பேரம் பேசி ஓடும் தோட்டப்புற முச்சக்கரவண்டியில் அந்த ஒரு ரூபாவும் தெரிவதில்லை.

நமது சமூகம் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மலையக நகரங்களில் முஸ்லிம்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். ஆனால் கடைவீதியில் கண்ணுக்குத் தெரிபவர்கள். லொறிக் கூலி கூடும்போது மாவின் விலையும் பருப்பின் விலையும் கூடுகின்றன. தொழிலாளிக்கு நிதியமைச்சு தெரிவதில்லை. கடன் கொப்பியில் விலையை எழுதும் முதலாளியின் முகமே தெரிகிறது. விலையேற்றத்தின் கோபம் முதலில் விழும் இடம் கடை மேசை. கூடும்போது அன்றே கூட்டி, குறையும்போது "பழைய ஸ்டொக்" என்று இழுத்தடிப்பவர் சிலர் இருக்கலாம். அவர்களால் எல்லோருக்கும் கெட்ட பெயர். விலை குறைந்த நாளிலேயே குறைத்து விற்பதும், விலைப்பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி மாட்டி வைப்பதும் நேர்மையான வியாபாரம் மட்டுமல்ல, அயலவரோடு நல்லுறவைக் காக்கும் வழியும்தான்.

சரி, 2024இல் நுவரெலியா மாவட்டம் எப்படி வாக்களித்தது? வரிசைகளை ஒழித்தேன், விலைகளைக் குறைத்தேன் என்று வாக்குக் கேட்ட ரணில் விக்ரமசிங்க நாடளாவிய ரீதியில் 17 வீதமே பெற்றார். நுவரெலியாவில் அவர் இரண்டாம் இடம் வந்தார். சஜித் பிரேமதாச முதலிடம், அநுர குமார திசாநாயக்க மூன்றாமிடம். இதனை எரிபொருளுக்கான நன்றிக்கடன் என்று மட்டும் வாசிப்பது பிழை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலோடும், தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடும் நின்றன. மேலும் இங்கே மேடைகளில் பேசப்பட்டது எரிபொருளை விடச் சம்பளம்தான். மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் வாக்களிப்புக்குப் பதினொரு நாட்கள் இருக்கும்போது 1,350 ரூபாவுக்கு வர்த்தமானி வந்தது. இரண்டு மாதங்களுக்குள் அதே மாவட்டம் எட்டு ஆசனங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. நாடு முழுவதும் வீசிய அலையில் எத்தனை பங்கு டீசல் விலைக்கு உரியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே வாக்காளர் விலையையும் சம்பளத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறார் என்பதை மட்டும் சொல்லலாம்.

விலைக்கும் வாக்குக்கும் உள்ள உறவு வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் கையில் வாக்கு இருக்க வேண்டும். 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடு ஹர்த்தாலில் எழுந்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அந்த விலை தோட்டத் தொழிலாளரையும் தாக்கியது. ஆனால் 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அந்த மக்களிடம் அப்போது வாக்கு இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அதனைப் பறித்திருந்தன. அண்மையில் வாக்குரிமை பறிக்கப்படவில்லை, தேர்தல் தள்ளிப்போனது. மண்ணெண்ணெய் 340 ரூபாவான ஏழாவது மாதத்தில், 2023 மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். பணமில்லை என்று நிறுத்தினார்கள். அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் திகதி. சூடு ஆறிய பிறகே மக்களிடம் கேட்டார்கள்.

அயல்நாட்டிலும் இதே கதைதான். உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்த காலத்தில், 2021 நவம்பர் முதல் 137 நாட்கள் இந்தியாவில் பெற்றோல், டீசல் விலை அசையவில்லை. 2022 மார்ச் 10ஆம் திகதி முடிவுகள் வந்தன. மார்ச் 22ஆம் திகதி விலை ஏறத் தொடங்கியது. தமிழ்நாட்டில் தி.மு.க. பெற்றோலுக்கு 5 ரூபா குறைப்பதாக வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வந்து 2021 ஆகஸ்ட்டில் 3 ரூபா குறைத்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குறைந்த விலை எப்போதும் மக்களுக்கு நன்மை என்று சொல்ல முடியாது. செலவுக்குக் குறைவாக விற்றுப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தில் குவிந்த கடனும் நாட்டின் நெருக்கடியில் ஒரு பங்கு. அதனை அடைக்கவே 2025இலும் லீற்றருக்கு 50 ரூபா வரி அறவிடப்பட்டது. இன்றைய மாதாந்த விலைத் திருத்தம் சர்வதேச நாணய நிதியத்தின் வேலைத்திட்டத்தோடு கட்டுண்டது. எந்தக் கட்சி வந்தாலும் விரும்பியபடி விலையைக் குறைக்க முடியாது. ஆகவே "நாங்கள் வந்தால் பெற்றோல் விலை பாதி" என்று சொல்பவரிடம், எந்த வரியை நீக்குவீர்கள், அந்தப் பணத்தை எங்கிருந்து ஈடுசெய்வீர்கள் என்று கேட்க வேண்டும். அதே நேரம், விலைச்சூத்திரம் நியாயமானது என்பதற்காக அதன் பாரத்தை ஏழையின் போத்தலில் ஏற்றுவது நியாயமாகிவிடாது. சந்தை விலைக்குப் போகும்போது தோட்டக் குடும்பத்துக்கு என்ன நிவாரணம், அது விலை கூடும் நாளிலேயே கைக்கு வருமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து மாகாண சபைத் தேர்தல். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி. அன்று பிறந்த பிள்ளை இன்று இடைநிலை வகுப்பில் படிக்கிறது. அத்தேர்தல் எப்போது வந்தாலும் மேடைகளில் எரிபொருள் விலை பேசப்படும். ஆனால் மாகாண சபைக்கு அந்த விலையில் ஒரு சதத்தையும் மாற்றும் அதிகாரம் இல்லை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களின் வழித்தட அனுமதி, நேர அட்டவணை ஆகியவற்றில் அதற்கு அதிகாரம் உண்டு. தோட்டத்திலிருந்து காலை ஆறரைக்கு ஒரு பஸ் ஒழுங்காக ஓடினால், பிள்ளை முச்சக்கரவண்டிக்குக் கொடுக்கும் பணம் மிஞ்சும். டீசலில் குறையும் ஒரு ரூபாவை விட அது பல மடங்கு.

ஆகவே வாக்குக் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்விகள் போதும். எங்கள் பாதையில் எத்தனை மணிக்குப் பஸ் வரும்? மண்ணெண்ணெய் விலை மீண்டும் கூடினால் தோட்டக் குடும்பத்துக்காக எங்கே, யாரிடம் பேசுவீர்கள்? தேர்தல் முடிந்து நான்காவது மாதத்தில் உங்களை எங்கே சந்திக்கலாம்? பெரிய விலையேற்றங்கள் வருவது வாக்களித்த பிறகுதான் என்பதால், இந்த மூன்றாவது கேள்விக்கான பதிலை மட்டும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வோம்.