சொற்புதையல்: ஐந்து உயிரும் ஒரு சொல்லில்

ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்து உயிரெழுத்துக்களும் ஒருங்கே அமைந்த ஆங்கிலச் சொற்களைக் கண்டெடுக்குமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். பெரும்பாலோர் முதலில் எழுதியனுப்பியது 'எஜுகேஷன்'. குற்றமற்ற விடை. 'ரிசர்வேஷன்' எனச் சிலர் எழுதினர். அதில் யூ இல்லை.

நாகபுரியிலிருந்து ஒரு சகோதரியார் தம் மனக்குறையைத் தெரிவித்துள்ளார். ஆறாம் வகுப்பிலிருக்கும் அவருடைய மகள், அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று புத்தகத்தை மூடிக்கொண்டு, கைப்பேசியில் எழுத்துக்களைத் தட்டி விடையை எடுத்துவிடுகிறாளாம். இனித் தமக்கு அங்கே என்ன வேலை என்று வினவுகிறார்.

வேலை உண்டு, சகோதரியாரே! இவ்விளையாட்டிற்கு உச்சரிப்பு வேண்டியதில்லை. இருபத்தாறு எழுத்துக்களை அறிந்து, ஓர் அகராதியைக் கையில் வைத்திருந்தால் போதும். மகளை அருகில் அமர்த்திச் சொல்லின் வாலைப் பிடிக்கச் சொல்லுங்கள். டி-ஐ-ஓ-என் என முடியும் சொற்களில் ஐ, ஓ இரண்டும் முன்னரே அமைந்துள்ளன. தேட வேண்டியவை மூன்றே. 'ஈக்வேஷன்', 'ரெகுலேஷன்' ஆகியவை இவ்வாறு அகப்படுபவை. வேகத்தைக் குறைத்துச் செல்லுமாறு ரயில் ஓட்டுநரிடம் கொடுக்கும் 'காஷன் ஆர்டர்' நம்மில் பலருக்குப் பழக்கமானது. அந்தக் 'காஷன்' என்பதில் ஈ ஒன்றுதான் குறை. முன்னே பி-ஆர்-ஈ சேர்த்தால் 'பிரிகாஷன்'. பின்னே ஈ-டி சேர்த்தால் 'காஷண்ட்'. ஐந்தும் நிறைந்துவிட்டன!

ஐ-ஓ-யூ-எஸ் என்னும் வால் இன்னும் தாராளமானது. வேளையறியாது வேடிக்கை பேசுவதைக் குறிக்கும் 'ஃபஸீஷியஸ்', ஊணிலும் குடியிலும் அளவோடு இருப்பதைக் குறிக்கும் 'அப்ஸ்டீமியஸ்' இரண்டிலும் ஐந்து உயிர்களும் நெடுங்கணக்கு வரிசையிலேயே நிற்கின்றன. காய்கறிப் பையைக் கவிழ்த்தால் 'காலிஃபிளவர்' விழும், அதுவும் சரியே.

தமிழில் உயிர் மெய்யோடு கலந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது தனியே நிற்கும். சில வேளை ஒலியாமலும் நிற்கும். 'டயலாக்' என்பதன் இறுதியிலுள்ள யூவும் ஈயும் காதுக்கு எட்டா. ஆதலின் உச்சரிக்கத் தெரிந்தவருக்கு இங்கே தனிச்சலுகை ஏதுமில்லை.

மற்றொன்று. 'பிஹேவியர்', 'ஃபேவரிட்' என்பவற்றை நம் பள்ளிகள் கற்பிக்கும் பிரிட்டிஷ் முறைப்படி எழுதினால் ஐந்து உயிரும் உண்டு. அமெரிக்கர் யூவை நீக்கிவிடுவர். அமெரிக்க முறைக்கு அமைத்த கைப்பேசியோ பிள்ளை சரியாக எழுதியதன் கீழ்ச் சிவப்புக் கோடு இழுக்கும். அப்போது அகராதியைத் திறந்து காட்ட வேண்டியவர் தாயார்தாம்.

அடுத்த இதழுக்கு: ஆர், ஏ, ஐ, எல் நான்கும் எவ்வரிசையிலேனும் வரும் சொற்கள் பத்து. 'ஏப்ரல்' ஒன்று, அதை நாமே கொடுத்துவிட்டோம். 'ரெயில்வே' ஏற்கப்படமாட்டாது. எஸ் சேர்த்த பன்மை தனிச்சொல்லாகாது.